முழங்கால் இடித்தால் மூச்சு

இன்று சாயங்காலம் மைசூரில் அந்தப் பூங்கா வாசலில் சுருமுரி என்கிற காரப்பொரி விற்கும் வண்டிக்காரர் பச்சை மிளகாயை நசுக்கிக்கொண்டிருந்தார். எலுமிச்சையும் வெங்காயமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே என் உதடு தானாகக் கூசியது. "காரம் ஜாஸ்தி போடட்டுமாக்கா?" என்று கேட்டார். கையில் யூபோனியம் என்கிற பித்தளை ஊதுவாத்தியத்தின் பெட்டி. வேண்டவே வேண்டாம் என்று நகர்ந்தேன். நீ இருந்திருந்தால் "போடுங்கண்ணா" என்றிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நாம் கொள்ளேகாலிலிருந்து ஒத்திகைக்கு வருவோம். ஊதுவாத்தியங்கள் மட்டுமே கொண்ட நம் விண்ட் ஆர்கெஸ்ட்ராவில் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். யூபோனியத்துக்கு நாம் இரண்டே பேர். அந்தப் பித்தளையைக் குழந்தை மாதிரி மடியில் சாய்த்துத்தான் ஊத வேண்டும். பஸ்ஸிலும் நீ பழைய போர்வையில் சுற்றி அப்படியே மடியில் வைத்திருப்பாய். ஒருமுறை ஒரு அம்மா எழுந்து உனக்கு இடம் கொடுத்து, "எத்தனை மாசம் கண்ணு?" என்று கேட்டார். "தூங்கறானுங்க. எந்திரிச்சா ஊரே கூடிரும்" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நமக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு, கடைசி உருப்படியின் முடிவில் வரும் அந்த நீண்ட ஸ்வரம். ஒரு மூச்சில் அடங்காது. "ரெண்டு பேரும் சேர்ந்து மூச்சு எடுத்தீங்கன்னா மேல இருக்கிற கிளாரினெட் எல்லாம் அந்தரத்துல தொங்கும். அறுந்தா அந்த இடத்தை டியூபா ஊதறவனுக்குக் கொடுத்துடுவேன்" என்றார் மாஸ்டர். கண்ணால் ஜாடை காட்டினால் நாம் சிரித்துவிடுவோம். அதற்கு நீதான் வழி கண்டுபிடித்தாய். "மொழங்கால்ல இடிக்கறேன் புள்ள. இடிச்சா நான் மூச்செடுக்கறேன்னு அர்த்தம். நீ உடாம ஊது."

முதல் கச்சேரி இதே பூங்காவில். மேடையேறும் முன் சுருமுரி வேண்டும் என்று நின்றாய். "மொளகா இல்லீன்னா அது வெறும் பொரி" என்று எனக்கும் ஊட்டினாய். பித்தளை வாத்தியம் ஊதுகிற எவளாவது அப்படிச் செய்வாளா? வாயை வைத்ததும் உதடு நெருப்பாக எரிந்தது. உன் உதடு வீங்கியே போனது. கச்சேரி முழுக்க நீ ஊதாமல் சும்மா கன்னத்தை உப்பவைத்துக்கொண்டிருந்தாய். கடைசி ஸ்வரத்தில் என் மூச்சு தீர்ந்து, வேறு வழியில்லாமல் உன்னை இடித்தேன். வீங்கிய உதட்டோடு எருமை கத்துவது மாதிரி ஊதினாய். ஆனால் ஸ்வரம் அறுபடவில்லை. நம் கண்ணில் கொட்டிய நீரைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு உணர்ச்சியா வாசிச்சீங்க" என்று மாஸ்டர் நெகிழ்ந்துபோனார்.

வேலைக்காக நான் பெங்களூர் போனேன். நீ இந்தக் குழுவிலேயே இருந்து ஊதினாய். போன வருஷம் நீ கண்ணை மூடிய பிறகு நான் பெட்டியையே திறக்கவில்லை. பழைய ஆட்களும் இந்த வருஷக் கச்சேரியில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வந்துவிட்டேனே தவிர, பயம்தான். அதே உருப்படி, அதே முடிவு. நான் மூச்சு எடுக்கும்போது யார் பிடிப்பார்கள்? பஸ் தாமதமானதில் ஒத்திகையும் தவறிப்போனது.

பக்கத்து நாற்காலியில் இந்த வருஷம்தான் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண். கடைசி ஸ்வரம் வந்தது. மூச்சு அடிவயிற்றில் தீர்ந்தபோது, என் முழங்கால் என்னைக் கேட்காமலே அவளை இடித்துவிட்டது. வெட்கமாகப் போயிற்று. ஆனால் அவள் ஸ்வரத்தைக் கூட்டி ஊதினாள். நான் நிதானமாக மூச்சு எடுத்தேன். சற்று நேரத்தில் அவள் முழங்கால் என்னை இடித்தது.

கைதட்டல் அடங்கியதும், "இது யார் சொன்னது உனக்கு?" என்று கேட்டேன்.

"நம்ம வரிசையில எல்லாருமே இப்படித்தானே ஆன்ட்டி. எப்பவும் இருக்கிறது" என்றாள். உன் பெயரே அவளுக்குத் தெரியவில்லை; உன் இடி மட்டும் தெரிந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெளியே வந்து காரம் ஜாஸ்தியாகவே சுருமுரி வாங்கித் தின்றேன். இதை எழுதும்போதும் உதடு எரிகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் மூச்சு எடுக்கும்போது யாராவது ஊத வேண்டுமே.