ஒரு நோன்பும் விடாதவள்

சிஹாமின் அப்பாவுக்கு,

மார்செயிலிருந்து நீங்கள் அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. இங்கே காபெஸில் இன்னும் குளிர்தான்.

பள்ளியில் பெரிய பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு உடல்நலம் விசாரித்தார்கள். மாதவிலக்கைப் பற்றி நேராகக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லையாம். அந்த நாட்களில் நோன்பு கிடையாதே, அதனால் நர்ஸ் நம் சிஹாமிடம் சிரித்துக்கொண்டே, "போன ரமலான்ல எத்தனை நோன்புடி விட்டே?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணுகூட விடலை சிஸ்டர். எங்கப்பா ஊரெல்லாம் பெருமையா சொல்வாரு!"

நர்ஸ் என்னை வரச் சொன்னாள். நானும் தாமதமாக வயதுக்கு வந்தவள்தானே என்று இத்தனை நாள் கவலைப்படாமல் இருந்துவிட்டேன். ஸ்கேன் எடுத்தார்கள். அவளுக்குப் பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லையாம். உயிருக்கு ஒன்றுமில்லை. அவளை உங்கள் அக்கா மகனுக்குப் பேசி வைத்ததை நீங்கள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நோன்பு தொடங்கிவிட்டது. நேற்று மதியம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள், மாதவிலக்கு நாட்களில் நம் மூத்த மகள் ஒளிந்து தின்பாளே, அதேபோல. டாக்டர் சொன்னதெல்லாம் சிஹாமுக்கும் தெரியும்.

"தம்பி பார்த்துடப் போறான்மா."

"பார்க்க மாட்டான்டி. நீ சாப்பிடு" என்று கதவைச் சாத்தினேன்.

இந்த வருடம், என் மகள் ஒரு நோன்பும் விடவில்லை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா