தாளின் பின்பக்கம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

வழக்கை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை வந்த உத்தரவின் நகலை வக்கீலம்மாவே வரிவரியாக வாசித்துக் காட்டினார். விசாரணை ஏப்ரல் 19.

நான் நலம். காப்பகத்தில் எட்டுப் பேர், ஒரே சமையலறை. உப்பு டப்பாவுக்காக நாலு மொழியில் சண்டை போடுகிறோம். அதற்கு முந்தைய எட்டு மாதத்தைப் பற்றி உனக்கு எழுதப்போவதில்லை. சலவைக்கூட வேலை என்று கூட்டிப்போன இடத்தில் துவைக்கும் இயந்திரமே இல்லை. என் அறைக் கதவில் உள்பக்கம் கைப்பிடி இல்லை. யார் யாரோ வந்தார்கள். அதோடு விடு.

எதிர்த்தரப்பு ஓர் ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. என்ன வேலை என்று தெரிந்தே வந்தேனாம்; அடியில் என் கையெழுத்தாம். "ரெண்டு நாடும் ஏத்துக்கிட்ட சர்வதேச உடன்படிக்கை இருக்கு. ஏமாத்திக் கூட்டிட்டுப் போனா சம்மதம் செல்லாது," என்கிறார் வக்கீலம்மா. ஆனால் நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று போலீசிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யென்று ஆகிவிட்டால் மற்றதையும் பொய் என்பார்கள்.

படிவம் நிரப்பியது உன் மனு எழுதும் கடையில்தானே? அன்று எனக்குப் பாட்டில் ஆலையில் பகல் ஷிப்ட். ஏஜென்ட் யாரிடம் கையெழுத்து வாங்கினான், பார்த்தாயா?

மூன்று வரியில் கடிதத்தை முடிக்காதே. தந்தி காலம் போய்விட்டது.

உன் வாலு

பிப்ரவரி 20

என் வாலுக்கு,

இந்தா, இரண்டு தாள் முழுக்க எழுதுகிறேன். இனிக் குறை சொல்லாதே.

உன் அத்தானுக்கு முழங்கால் வலி. ஏணியில் ஏறாதீர்கள் என்றால் கேட்டால்தானே? நகல் எடுக்கும் இயந்திரம் நாளுக்கு இருபது தாளைக் கோணலாகக் கக்குகிறது. நேற்று ஒரு பெரியவர், தான் உயிரோடிருப்பதாக மனு எழுதித் தரச் சொன்னார். எதிரே அலுவலகத்தில் அவரை இறந்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். "நானே வந்து நிக்கிறேனே, பத்தாதான்னு கேட்டேம்மா. எழுத்துல குடுன்றான்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நீ கேட்டது நினைவில்லையடி. ஏஜென்ட் பத்துப் பேரைக் கூட்டி வருவான். யார் எதில் போட்டார்கள் என்று யார் கண்டது? சட்டம் உன் பக்கம் என்றால் இதை ஏன் கிளற வேண்டும்? கெட்ட கனவென்று நினைத்து வந்துவிடு. உன் கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை.

அன்புடன், அக்கா

மார்ச் 5

அக்கா,

வீணான நகல் தாளின் பின்பக்கத்தில் எழுதுவது உன் பழக்கம். இந்த முறையும் அப்படியே எழுதியிருக்கிறாய். இரண்டாவது தாளைத் திருப்பிப் பார்த்தாயா?

அது ஓர் ஒப்பந்தம். என்னுடையதைப் போலவே: அதே ஏஜென்ட், அதே முகவரி, அதே சலவைக்கூடம். பெண்ணுக்கு வயது பத்தொன்பது. நான் கிளம்பி மூன்று வாரம் கழித்துப் போட்ட தேதி. நிரப்பியிருப்பது உன் கை. கையெழுத்தின் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. பத்து வருடம் என் மதிப்பெண் அட்டையில் நீ போட்டுக் கொடுத்த கையெழுத்தின் கோடு. என் ஒப்பந்தத்திலும் அது இருக்கிறது. வக்கீலம்மா காட்டியபோது எனக்கு உறைக்கவில்லை.

தாளை இன்று அவரிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ அழுவாய். நான் கொடுத்திருக்க மாட்டேன். அந்தப் பெண்ணை நான் அங்கே பார்க்கவில்லை. வேறொரு கதவுக்குப் பின்னால் அவள் இன்னும் இருக்கலாம்.

நீதான் போட்டாய் என்றால், ஆமாம் என்று எழுது. அத்தானின் முழங்காலைப் பற்றி எழுதாதே.

மார்ச் 19

என் வாலுக்கு,

ஆமாம். நான்தான் போட்டேன்.

ஐந்து நாள் முன்பு காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் என் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார்கள். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

அன்று நீ ஷிப்டில் இருந்தாய். ஐந்து மணிக்குள் தாள் போக வேண்டும் என்றான் ஏஜென்ட். வர முடியாத கிழவருக்கு, வெளியூர் போன புருஷனுக்கு என்று எத்தனையோ பேருக்குப் போட்ட கை இது, உனக்கும் போட்டது. ஒப்பந்தத்தில் இருந்த மொழி எனக்குத் தெரியாது. அவன் படித்துச் சொன்னதை நம்பினேன். மூன்றாம் மாதம் உன் போன் நின்றதும் கேட்டேன். "புது இடத்துல போன் குடுக்க மாட்டாங்கக்கா" என்றான். அதையும் நம்பினேன். நம்பாவிட்டால் வேறென்ன நினைப்பது என்று பயம். உனக்குப் பிறகு ஒன்பது பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ மீண்ட பிறகு, போன மாதம் நினைவில்லை என்று எழுதினேனே, அது பயமும் இல்லை, பொய்.

கழித்த தாள்களை இரண்டு நாள் கிளறினேன். உன்னிடம் இருப்பதைத் தவிர இன்னும் ஆறு கிடைத்தன. அத்தான், "உனக்கென்ன கிறுக்கா? வாயைக் குடுத்து வம்பை வாங்குறியே!" என்று கத்தினார். பிறகு அவரேதான் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

ஆய்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இது உன் மேலயே கேஸாகும், தெரியுதா?"

"தெரியும் சார். எழுதுங்க."

கடையின் அனுமதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஏஜென்ட் வீட்டில் பூட்டு தொங்குகிறது. ஏப்ரல் 19 அன்று இங்கிருந்தே வீடியோவில் நான் சாட்சி சொல்ல உங்கள் நீதிமன்றம் கேட்டிருக்கிறது. இரண்டு அரசும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதில் ஏப்ரல் 10க்குள் வரும் என்றார்கள்.

தாள் கிடைத்த ஏழு பேரில் இருவர் வீட்டில் இருக்கிறார்கள். நேரில் போய் விசாரித்துவிட்டார்கள். அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணையும் சேர்த்து ஐந்து பேரைப் பற்றி அந்த நாட்டுப் போலீஸ் இந்த மாதம் முப்பதுக்குள் தகவல் தரும் என்கிறார் ஆய்வாளர். நீ எனக்கு இனி எழுதுவாயா என்பதற்கு மட்டும் தேதி சொல்ல இங்கே ஆள் இல்லை.

அக்கா