சித்தப்பா என்று அழைத்தவன்

அன்பு மகன் சில்வெஸ்த்ரேவுக்கு அம்மா ரூஃபினா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் உன் தங்கை பிரிகிதாவும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கப்பலில் குளிரில் கிடக்காமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சான் தியேகோவிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது, தெரிந்தவர்கள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், தபாலில் போட மனம் வரவில்லை, இது நம் வீட்டு விஷயம்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ ஒவ்வொரு தடவையும் மாமரம் இருக்கிறதா என்று கேட்கிறாய். வீடே இல்லை மகனே. உங்கள் அமெரிக்கக் கப்பல்கள் ஜப்பான்காரனை விரட்டக் கரையைச் சுட்டபோது கூரை போனது, பிறகு மண் தள்ளும் இயந்திரம் வந்து மிச்சச் சுவரையும் கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் ஒரே தரையாக நிரவிவிட்டது, இப்போது அங்கே எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன, கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம். கேட்டால், "உங்களைக் காப்பாத்தத்தானேம்மா வந்தோம்" என்கிறான் வாசலில் நிற்கும் பையன், நல்ல பையன்தான், மிட்டாய் கொடுத்தான். நாங்கள் தகரக் கூரை போட்ட முகாமில் இருக்கிறோம். டப்பா இறைச்சி தின்று தின்று பிரிகிதாவுக்கு வயிறு கெட்டுவிட்டது. லாரி போனால் அவள் இன்னமும் எழுந்து நின்று இடுப்பு வரை குனிகிறாள், ஜப்பான்காரன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, உள்ளே இருக்கும் அமெரிக்கப் பையன்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீ வந்தால் அவளைத் திட்டாதே.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பெரியம்மா மகன் ஃபெர்மீனைச் சும்மா விட்டுவிடாதீர்கள், கயிற்றில் தொங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா எப்படிப் போனார் என்று உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

மாதா திருநாள் பூசையில் நாங்கள் முழங்காலில் இருந்தபோது விமானங்கள் வந்தன. அடுத்த சில நாளில் அமெரிக்கக் கொடியை இறக்கிவிட்டு ஜப்பான் கொடியை ஏற்றினார்கள். அவர்களோடு, வெகுகாலமாக ஜப்பான்காரன் கையில் இருந்த பக்கத்துத் தீவு சைப்பானிலிருந்து மொழிபெயர்க்கிறவர்களாக நம் ஜனங்களே வந்தார்கள், அதில் ஒருவன் ஃபெர்மீன். ஞானஸ்நானத்தில் பார்த்த குழந்தை, வெள்ளைத் தொப்பியும் கைப்பட்டையுமாக வாசலில் நின்று, "சித்தி, அடையாளம் தெரியலையா, நீவெஸ் மகன்" என்றான். அங்கே வாழ்க்கைப்பட்ட என் அக்கா கொடுத்தனுப்பிய கருவாட்டை நீட்டினான். அப்பா அவனைக் கட்டிக்கொண்டார். பிரிகிதாவுக்கு எவ்வளவு குனிந்தால் அறை விழாது என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஒரு நாள் கடைத்தெருவில் நான் சரியாகக் குனியவில்லை என்று எல்லோர் முன்பும் என் கன்னத்தில் அறைந்தான், சாயங்காலம் தேங்காய் எண்ணெயோடு வந்து, "நான் அடிக்கலைன்னா அந்தச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால அடிச்சிருப்பான் சித்தி" என்று அழுதான். நான் நம்பினேன். சோறு போட்டேன்.

உன் அப்பா காட்டில் ஒரு அமெரிக்கனுக்குச் சோறு கொண்டுபோனார். கொடி இறங்கிய அன்று சரணடையாமல் ஓடி ஒளிந்த கடற்படைக்காரன், காலில் புண் வைத்து நடக்க முடியாமல் குகையில் கிடந்தான். ஏன் இந்த வேலை என்று நான் சண்டை போட்டேன், "நம்ம பையனும் இவங்க கப்பல்லதான் இருக்கான், அங்க யாரோ அவனுக்குச் சோறு போட வேண்டாமா" என்றார். ஒரு மத்தியானம் ஃபெர்மீன் சாப்பிட உட்கார்ந்தவன், "சித்தி, தோட்டத்துல மாடும் இல்ல, கோழியும் இல்ல, சித்தப்பா தினமும் ஈரப்பலாக்காயை அவிச்சு எடுத்துக்கிட்டு எங்க போறாரு" என்று கேட்டான். வேலை செய்கிறவனுக்குப் பசிக்காதா என்றேன். "ஒருத்தருக்கு இவ்வளவா" என்று சிரித்தான். கை கழுவினான். போகும்போது ரொட்டி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் அப்பாவையும் அந்த அமெரிக்கனையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள். அந்த மேசையில் நாங்கள் இரண்டே பேர்தான் இருந்தோம், அதை மனதில் வைத்துக்கொள்.

அப்போது சைப்பான் விழுந்துவிட்டது, அடுத்தது நாம்தான் என்று தெரிந்து ஜப்பான்காரர்களுக்கு வெறி பிடித்திருந்தது. எல்லாக் குடும்பங்களையும் மழையில் நிற்க வைத்தார்கள். குழியை அப்பாவே வெட்டினார், அமெரிக்கனால் நிற்க முடியாததால் அவன் பங்கையும் சேர்த்து வெட்டினார். அதிகாரி நீளமாகப் பேசினான், ஃபெர்மீன் நம் பேச்சில் சொன்னான், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி தடுமாற்றமே இல்லாமல் சொன்னான். கடைசியில் அதிகாரி ஒரே சொல்லாக ஏதோ அதட்டினான். ஃபெர்மீன் உன் அப்பா பக்கம் குனிந்து, "சித்தப்பா, கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக்கங்க, அப்பத்தான் சுளுவா முடியும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அப்பா அவனை நிமிர்ந்து பார்த்து, "உங்கம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேசினார். சுளுவாக முடியவில்லை சில்வெஸ்த்ரே. வாள் பிடித்த சிப்பாய்க்கு வயது உன்னைவிடக் குறைவு, முதல் வெட்டு தோளில் விழுந்தது. எல்லாம் முடிந்ததும் அதிகாரிக்கு நன்றி சொல்லிக் குனியச் சொன்னார்கள். நாங்கள் குனிந்தோம். நானும் குனிந்தேன்.

பிறகு எங்களைப் பள்ளத்தாக்கு முகாமுக்குச் சேற்றில் நடத்திக்கொண்டு போனதையும், வழியில் விழுந்த கிழவர்களை என்ன செய்தார்கள் என்பதையும் பிரிகிதா எழுதுவாள், எனக்குக் கை வலிக்கிறது. அமெரிக்கர்கள் கரையேறி வந்தபோது எல்லோரும் பாடினார்கள், நான் குழி இருந்த இடத்துக்குப் போனேன். அதிகாரிகள் வந்து தங்கள் ஆளை எடுத்தார்கள், வெள்ளைப் பெட்டி, மேலே கொடி, ஊதுகுழல், எல்லாம் முறையாக நடந்தது. அடியில் இன்னொருவர் இருக்கிறார் என்றேன், "அது உள்ளூர் ஆள், குடும்பத்தார் எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளி மூடினார்கள். இருக்கட்டும், நம்மால் முடிந்தபோது எடுப்போம் என்று இருந்தேன். அப்புறம் அந்த வழியாக விமானத் தளத்துக்குச் சாலை போடப்போவதாகக் கோடு போட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மா வந்தாள். அமெரிக்கர்கள் ஃபெர்மீனைப் பிடித்து விசாரணைக்கு வைத்திருந்தார்கள், அவனைப் பார்க்க அனுமதி வாங்கிச் சைப்பானிலிருந்து படகேறி வந்தவள் அவனைப் பார்த்துவிட்டு நேரே என் குடிசைக்கு வந்து நின்றாள். அடையாளமே தெரியவில்லை. பெரியப்பாவும் இரண்டு பெண்களும் குண்டில் போய்விட்டார்கள். என் காலைப் பிடித்தாள். "அடி ரூஃபினா, செருப்பால வேணா அடி, ஆனா அந்தச் சாப்பாட்டு மேசைப் பேச்சை மட்டும் விசாரணையில எடுக்காதே, அவன் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான், மத்ததெல்லாம் வெறும் மொழிபெயர்ப்புன்னு வக்கீல் சொல்றாரு, அது ஒண்ணுதான் அவனைக் கொல்லும். எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான்டி" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "முதல்ல அவரைத் தோண்டி எடுக்கணும் அக்கா, சாலை வரப்போகுது, வா" என்றேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

பிரிகிதாவுக்குக் காய்ச்சல், அதனால் நாங்கள் இருவர்தான் போனோம். மண் இறுகிக் கிடந்தது. ஒரு ஆழத்துக்கு மேல் மண்வெட்டியைப் போட எனக்குப் பயமாக இருந்தது, எலும்பில் பட்டுவிடுமே என்று. அக்கா குழிக்குள் இறங்கிக் கையால் தோண்டினாள், நகம் பிய்ந்து இரத்தம் வந்தது, நிறுத்தச் சொல்லவில்லை நான், மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அப்பாவுக்கு அனுப்பிய கப்பல்காரர் இடுப்புப் பட்டையின் பித்தளைப் பூட்டு கிடைத்தது, அதை வைத்து இவர்தான் என்று உறுதி செய்தோம். ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் வைத்தாள். தலை தனியாக இருந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள், "பாவி, என் பிள்ளை" என்றாள், யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பாதிரியாரை வைத்து முறையாக அடக்கம் செய்தோம்.

அடுத்த வாரம் சாட்சி சொல்லப் போனேன். கேள்வியை எனக்கு மொழிபெயர்த்தவனும் நம் ஜனத்துப் பையன்தான். ஃபெர்மீன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான், இளைத்துக் கறுத்துப்போயிருந்தான். அவன் உங்கள் கணவரை அடித்தானா என்றார்கள், இல்லை என்றேன். வெட்டினானா என்றார்கள், இல்லை என்றேன். அவனுடைய வக்கீல் முகம் மலர்ந்தது. வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார் நடுவில் இருந்த பெரியவர். கடைசி பெஞ்சில் அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த மத்தியானத்தைச் சொன்னேன், ஈரப்பலாக்காயிலிருந்து அவன் கை கழுவியது வரைக்கும் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். பாதியில் ஃபெர்மீன், "சித்தி, போதும்" என்றான், மெதுவாக, வீட்டில் இரண்டாவது ரொட்டி வைக்கும்போது சொல்வானே, அதே குரலில். நான் நிறுத்தவில்லை. கழுத்தை நீட்டச் சொன்னதையும் சொல்லி முடித்தேன். தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. நீ கேட்டது நடந்துவிட்டது மகனே, இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே, கப்பலில் யாரிடமும் பெருமையாகப் பேசவும் செய்யாதே.

நான் திரும்பி வந்தபோது அக்கா எனக்கு முன்னால் வந்து சோளம் அரைத்து ரொட்டி சுட்டுவைத்திருந்தாள். தட்டில் போட்டு, "சாப்பிடு" என்றாள். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. "குழியில இறங்கறப்பவே தெரியும்டி, நீ சொல்லிடுவேன்னு" என்றாள். அப்புறம் எதற்குத் தோண்டினாய் என்று கேட்டேன். "அவர் உன் புருஷனாச்சே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவளுக்குச் சைப்பானில் போக இடமில்லை, எங்களோடுதான் இருக்கிறாள், பிரிகிதாவுக்குத் தலை வாருகிறாள், என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசுகிறாள். தூக்கில் போட்ட பிறகும் ஃபெர்மீனின் உடலைத் தர மாட்டோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். தினமும் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள்.

உனக்கு எல்லா நன்மையும் கிடைக்க வேண்டும், கடல் உன்னை அலைக்கழிக்காமல் கரையில் சேர்க்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கும். சட்டையை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே. ஒன்று மறந்துவிடாதே, லீவில் வரும்போது ஒரு துக்க உடுப்புக்கு ஆகிற மாதிரி கறுப்புத் துணி வாங்கி வா, இங்கே காக்கியும் வெள்ளையும்தான் கிடைக்கிறது. எனக்கு இல்லை, பெரியம்மாவுக்கு. அளவு கேட்டு எழுத வேண்டாம், என் அளவுக்கே வாங்கு, அவளுக்குச் சரியாக இருக்கும்.

உன் அம்மா,
ரூஃபினா