ஆறு மாடி ஆங்கிலம்

மார்ச் 3, திங்கள்

எவரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் இருபது வருட லிஃப்ட் மெக்கானிக்காகிய நான், ஸ்பானரின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து இதை எழுதுகிறேன்.

அக்கா மகள் நர்ஸ். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். இந்த முறையும் தோற்றால் ஆஸ்பத்திரி வேலை போய்விடும். எழுதச் சொன்னால் புலி. எதிரே ஆள் உட்கார்ந்தால் நாக்கு பூட்டிக்கொள்ளும்.

இன்று புத்தகத்தில் 'பிக் அப்' என்ற ஆங்கிலச் சொல்லைக் காட்டி அழுதாள். "ஒண்ணுக்கு இத்தனை அர்த்தமா மாமா? எதுன்னு யோசிக்கிறதுக்குள்ள அவங்க அடுத்த கேள்விக்குப் போயிடறாங்க."

"பயப்படாதே. பத்து லட்சம் பேரைத் தூக்கினவன் உன் மாமா."

"லிஃப்ட்தானே தூக்கிச்சு?"

மார்ச் 8, சனி

என் கல்விமுறை உலகை உலுக்கப்போகிறது! என் பராமரிப்பில் உள்ள ஆறு மாடிக் கட்டடம். மாடிக்கு 'பிக் அப்'பின் ஓர் அர்த்தம். முதல் மாடி, கீழே கிடப்பதை எடுப்பது. இரண்டு, ஸ்டேஷனில் நிற்பவரை அழைத்துவருவது. மூன்று, கேட்டுக் கேட்டே மொழி கற்பது. நான்கு, படுத்த வியாபாரம் எழுவது. ஐந்து, அடிக்கும் போனை எடுப்பது. கதவு திறப்பதற்குள் அவள் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இல்லையேல் மறுபடி தரைத்தளம்.

பதினேழு முறை தரைத்தளம்.

மார்ச் 9

ஆறாம் மாடிக்கு அர்த்தம் தீர்ந்துவிட்டது. "ஜலதோஷம் தொத்திக்கிறதும் பிக் அப்தான் மாமா." எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

மார்ச் 15, சனி

நாங்கள் இருவரும் உள்ளே இருக்க, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. என் லிஃப்ட்! கருவிப் பை எங்கே? தரைத்தளத்தில். பெரிய வாத்தியார்னு நெனப்பு எனக்கு!

அவசர போனில் பேசிய பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. என் ஆங்கிலம் ஆவியாகிவிட்டது. மூச்சு முட்டியது. மருமகள் போனைப் பிடுங்கினாள். எந்தக் கட்டடம், எத்தனை பேர், மாமாவுக்கு எப்படி இருக்கிறது... மணி மணியாகப் பேசினாள். கீழே கிடக்கும் பையை 'பிக் அப்' பண்ணி வரச் சொன்னாளே, அது முதல் மாடி அர்த்தம். அவளே கவனிக்கவில்லை.

"தெரியாத ஆள்கிட்ட பேசறோம்னு பயமே வரலையா?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தப்புறம் அதுக்கு எங்க மாமா நேரம்?"

மார்ச் 22

தேர்வு. இன்று மூன்று லிஃப்டுக்குத் தேவையில்லாமல் எண்ணெய் போட்டேன்.

ஏப்ரல் 5, சனி

போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். "மாமா, பாஸ்!" பின்னால் அக்காவின் அழுகை.

வேலையிடத்தில் முழங்கிவிட்டேன்: நாற்பது மாடி, மூன்று நாள் சிறை, பாடத்துக்காக நானே நிறுத்திய லிஃப்ட், கதவு திறக்கும்வரை என் கையை விடாத மருமகள். ஒருவரும் நம்பவில்லை. நியாயம்தான். ஆறு மாடி, முக்கால் மணி நேரம், லிஃப்ட் தானாகத்தான் நின்றது.

கையை விடாதது மட்டும் நிஜம்.