கொப்பளிச்சியாலே?

இன்று காலை புதுப் பாட்டிலைத் திறந்ததுமே கடுக்காயும் கிராம்பும் கலந்த அந்த வாடை வந்தது. ஈறுக்குக் கொப்பளிக்கும் மூலிகைத் தண்ணீர்தான். துப்பிவிட்டு நிமிர்ந்தவன் உன் குரலுக்காகக் காத்து நின்றேன். நீ இல்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துத் தறி. என் வாய் நாறும். ஈறில் ரத்தம் கசியும். கூசிக் கூசி, சோற்றைக்கூடச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பேன். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். டாக்டரிடம் வாயைத் திறக்க வெட்கப்பட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் கருவேலம்பட்டைக் கசாயத்தைக் கொப்பளித்து வந்தேன். ரத்தம் குறைந்தது. ஆனால் பல் ஆடத் தொடங்கியது. நீதான் கண்டுபிடித்தாய்.

"ஏலே, கல்யாணப் பொண்ணு மாதிரி எம்புட்டு நாளைக்கு வாயப் பொத்திக்கிட்டுத் திரிவ? வண்டில ஏறு."

பல் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா என் வாய்க்குள் பார்த்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "ஈறுக்கு அடியில பல்லுல அழுக்கு இறுகிக் காரையாப் படிஞ்சிருக்கு. அத எடுக்காம கசாயத்த மட்டும் நம்புனா பல்லு நிக்காது. சுத்தம் பண்ணுன பொறவு இந்த மூலிகைத் தண்ணியக் கொப்பளிங்க. இது துணைக்குத்தான்" என்றார்.

அதிலிருந்து தினமும் பாட்டிலைக் கம்பெனிக்கே கொண்டுவந்து குழாயடியில் கொப்பளிப்பேன்; துப்பிவிட்டு நிமிர்ந்ததும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்துவாய்: "கொப்பளிச்சியாலே?" பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். மானம் போகும் எனக்கு. வாயைப் பொத்தியபடி தலையை மட்டும் ஆட்டுவேன். ஈறு ஆறியது, நாற்றமும் போனது. கை மட்டும் இறங்கவில்லை. அதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் பதினாறாம் நாள் விசேஷத்தில் உன் மனைவி ஒரு கதை சொன்னாள். என் பாட்டிலில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு மடக்கு விழுங்கிவிட்டாயாம். நாக்கெல்லாம் துவர்த்துப்போய் வீட்டுக்கு வந்து, "என்னட்டி சாம்பார் வச்சிருக்க?" என்று அவளிடம் சண்டை பிடித்தாயாம்.

நான் சிரித்துவிட்டேன். வாய் நிறைய, சத்தமாக, உன் மாலை போட்ட படத்துக்கு முன்னால். வீடே திரும்பிப் பார்த்தது. இழவு வீட்டில் பல்லைக் காட்டிய பாவி ஆகிவிட்டேனே என்று கூனிக் குறுகி வாயைப் பொத்தினேன்.

"கைய எடுங்கண்ணே," என்றாள் அவள். "இதப் பாக்கணும்னுதான் அவிய அம்புட்டுப் பாடுபட்டாவ."

கையை எடுத்தேன். பிறகு வந்தது சிரிப்பில்லை. திறந்த வாயை மூடாமல் அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

அந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பஸ்ஸில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கை பாதி வரை எழும்புகிறது. காலையில் மட்டும், துப்பிய பிறகு கண்ணாடியைப் பார்த்து, வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறேன்:

"கொப்பளிச்சிட்டேன்லே."