ஒரு பிடி மரவள்ளி

என் அன்பானவருக்கு,

சயாம் ரயில் பாதையில் எந்த முகாமில் இருந்தாலும் கர்த்தர் உங்களைக் காக்கட்டும். காஜா பேராங் தோட்டத்தில் நானும் பிள்ளைகளும் இருக்கிறோம்.

அரிசி கண்ணில் படுவதே இல்லை. ஆனாலும் கோயிலுக்குப் பிடியரிசி எடுத்துவைக்கும் பானையை நான் கவிழ்த்துவிடவில்லை. உலை வைக்குமுன் அதில் ஒரு பிடி மரவள்ளி வற்றல் போடுகிறேன். உங்கள் பங்குக்கு இன்னொரு பிடி.

இந்த வாரம் பானையைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ரயில் பாதை வேலைக்கு உங்கள் பெயரை ஜப்பான்காரனிடம் கொடுத்த அதே கிராணியார்தான். கால் வீங்கிப் படுத்திருக்கிறார். ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வழியில் ஞானப்பூ அக்கா மறித்தாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அந்த ஆளுக்கா குடுக்கப் போறே?"

"ஆமாக்கா, அவருக்குத்தான்."

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கும் போவேன்.

உங்களோடு போன தாவீது மட்டும் திரும்பி வந்துவிட்டார். உங்களைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே யாரோ ஒருத்தி உங்களுக்காக ஒரு பிடி எடுத்துவைக்கிறாள் என்று நம்புகிறேன். அதை நான் நம்ப வேண்டுமென்றால், இங்கே என் கையை மூடக் கூடாது.

உங்கள்
பிடிவாதக்காரி