கழற்ற வராத காப்பு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அத்தை மகளின் கல்யாணம் முடிந்தது. படங்களைப் பார்த்திருப்பாய். மத்தியானத்துக்கு மேல் எடுத்த எல்லாவற்றிலும் அத்தை இடது கையை முந்தானைக்குள் ஒளித்திருக்கிறாளே, ஏன் தெரியுமா? உன் கல்யாணத்துக்கு நான் விரலைச் சுட்டுக்கொண்டு வெள்ளிக் கம்பி வளைத்து, சிவப்புக் கல் பதித்து ஓர் அட்டிகை செய்தேனே, அதைப் பார்த்து உன் மாமியார் முன்னால் இவள் உன்னிடம் என்ன சொன்னாள்? "என்னம்மா இது தகரம், கழட்டி வச்சுடு, படத்துல அசிங்கமா விழும்." நான் அன்று வாயைத் திறக்கவில்லை. மறக்கவும் இல்லை.

போன மாதம் அவளே வந்தாள். நான் செய்த தோடுகளை யாரோ அவளிடம் மெச்சியிருக்கிறார்கள், பொறுக்குமா? "பொண்ணு கல்யாணத்துக்கு எனக்கும் உன் கையால ஒரு காப்பு செஞ்சு குடேன், நான் என்ன அந்நியமா" என்றாள். லொடலொட என்று ஆடக்கூடாதாம். ஆடாது அண்ணி என்றேன். காலையில் கை வற்றியிருக்கும், பொழுது ஏற ஏற உப்பும், அதனால் யாருக்கும் சாயங்காலம்தான் அளவெடுப்பேன். அவளுக்கு மட்டும் விடிந்ததும் போய் எடுத்தேன். வேலையில் குறை வைக்கவில்லை, நீலக்கல் பதித்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகு போட்டேன். கல்யாணத்தன்று காலையில் சோப்பு நுரை போட்டு நானே ஏற்றிவிட்டேன். பூரித்துப் போனாள்.

மத்தியானம் அவள் சம்பந்தியம்மா கையைப் பார்த்து, "வெள்ளியா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள். இவள் முகம் செத்துவிட்டது. என்னைக் குளியலறைக்கு இழுத்துப் போய், "எப்படியாவது கழட்டிக் குடும்மா" என்று கெஞ்சினாள், மணிக்கட்டு சிவந்ததே தவிர காப்பு அசையவில்லை. "சிரிச்ச மாதிரி நில்லுங்க அண்ணி, படத்துல நல்லா விழும்" என்றேன். அப்போதுதான் எனக்கு வயிறு குளிர்ந்தது. இழுத்த இழுப்பில் மணிக்கட்டு வீங்கி, இன்னும் அவள் கையில்தான் கிடக்கிறது. அறுத்தெடுக்கும் ரம்பம் என் மேஜையில் இருக்கிறது, வந்து கேட்கட்டும். அக்காவுக்குப் பரிந்துகொண்டு அப்பா என்னோடு பேசுவதில்லை, காபி மட்டும் கேட்கிறார்.

படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாய். சிரித்தது போதும். உன் அறையை ஒழித்தேன். அந்த அட்டிகை பழைய சார்ஜர் வயர்களுக்குள் சிக்கிக் கிடந்தது. ஊருக்குப் போகும்போது அதை எடுத்துப்போகக்கூட உனக்குத் தோன்றவில்லை. மெருகு போட்டு நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். கழற்றச் சொன்னவள் உன் அத்தை. கழற்றியது உன் கை. அவளை ஒரு வழி பண்ணியாயிற்று, உன் மேல் இருக்கிற கோபத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. தபாலில் அனுப்ப மாட்டேன். நேரில் வந்து, உன் வாயால் கேள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் மேலும் கோபம் ஆறாத
அம்மா